நெளியாத கோடு

"ஃப்ரீசர் மைனஸ் ஒன்பது. ஐஸ் தட்டு காலியாகவில்லை," என்றது ஃப்ரிட்ஜ்.

சனிக்கிழமை மதியம். நான் சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். காலையில் அது மைனஸ் பதினெட்டில் இருந்தது. குழாயை மூடிவிட்டு ஃப்ரிட்ஜின் முன்னால் போய் நின்றேன். கதவைத் திறக்கவில்லை. திறந்தால் இன்னும் ஒரு டிகிரி போகும்.

உள்ளே என் மனைவி நித்திலாவின் பால் இருந்தது.

குழந்தை ஏழாம் மாதத் தொடக்கத்திலேயே பிறந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். நித்திலாவுக்கு இதயம் பலவீனம் என்று மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் உட்கார்ந்து வேளை தவறாமல் பாலைப் பீய்ச்சிப் பைகளில் அடைத்தாள். குழந்தை குடித்தது சில சொட்டுகள்தான். பைகள் சேர்ந்துகொண்டே போயின. ஒரு காலையில் அவள் எழுந்திருக்கவில்லை. பைகள் இருந்தன.

தினமும் மாலையில் ஒரு நாளைக்கான பைகளைக் குளிர்பெட்டியில் வைத்து வார்டுக்குக் கொண்டுபோவேன். அதற்கு மேல் அங்கே வைக்க இடமில்லை. குழந்தை இரண்டு கிலோ தொடும்வரை தாய்ப்பால் மட்டும்தான், பவுடர் பாலை அந்தக் குடல் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தாய்ப்பால் வங்கியில் எங்களுக்கு முன்னால் பெரிய வரிசை.

வார்டில் பாலை வாங்க ஒரு நிபந்தனை உண்டு. குளிர்ப்பதிவு அறுபடாமல் இருக்க வேண்டும். ஒரு கோடையில் ஊர் ஊராகக் கைக்குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டபின் வந்த சட்டம் அது. ஃப்ரிட்ஜ் தன் குளிரைத் தானே ஒரு கோடாக எழுதி அனுப்பும். கோடு வரம்பைத் தாண்டினால் உள்ளே இருக்கும் எல்லாப் பைகளும் சிவப்பு. சிவப்பு என்றால் கீழே ஊற்ற வேண்டும்.

கம்பெனியின் உதவி எண்ணை அழுத்தினேன். ஒரு பெண் எடுத்தாள்.

"வணக்கம், நான் பர்வீன். முகில்வண்ணன் சாருங்களா? உங்க ஃப்ரிட்ஜ்ல கொழந்தைப் பால்னு பதிவு இருக்கு, அதனாலதான் மெஷின் எடுக்காம நேரா எனக்கு வந்துச்சு. சொல்லுங்க சார்."

சொன்னேன்.

"ஐஸ் தட்டுக்குப் பக்கத்துல ஒரு கம்பி இருக்கும் சார். அத மேல தூக்கி வுடுங்க. புதுசா ஐஸ் போடறது நின்னுடும்."

"கதவைத் திறக்கணுமா?"

"ஒரே ஒரு தடவை. சட்டுனு."

திறந்தேன். கம்பியைத் தூக்கினேன். ஐஸைத் தள்ளும் பிளாஸ்டிக் கை பாதிச் சுற்றில் ஐஸுக்குள் மாட்டிக்கொண்டு நடுங்கியது. முன்வரிசைப் பையைத் தொட்டேன். கல். கதவைச் சாத்தினேன்.

"மைனஸ் எட்டு," என்றது ஃப்ரிட்ஜ்.

"அந்தக் கை மாட்டிட்டு நிக்குது," என்றேன்.

"அதான் சார் பிரச்சினை. தட்டுக்கு அடியில ஒரு சின்ன ஹீட்டர் இருக்கு. ஐஸ் தட்டோட ஒட்டிக்கும்ல, அத லேசா சூடு காட்டி வுடுவிக்கும். அப்புறம் கை சுத்தி வந்து ஐஸைக் கீழ தள்ளும். கை முழு சுத்து வந்தாத்தான் ஹீட்டர் அணையும். உங்களுது இன்னும் எரிஞ்சிட்டிருக்கு."

"எப்பலேர்ந்து?"

"இங்க தெரியல சார்."

"ஐஸ் மிஷின் பிளக்கைப் பிடுங்கிடறேன்."

"ஐயையோ, வேணாம் சார்! குளிர்ப்பதிவு எழுதற சென்சாரும் அதே பிளக்குலதான் ஓடுது. புடுங்கினா பதிவு அறுந்துடும்."

"ஐஸ் தட்டோட சென்சாரா பதிவு எழுதுது?"

"ஒண்ணுதான் சார். ரெண்டு வேலையும் அதுவே பாக்குது."

"ரெண்டு வெச்சா என்ன?"

"அத நான் கேக்க முடியாது சார்."

"ஆக, ஹீட்டருக்குப் பக்கத்துல உக்காந்திருக்கிற சென்சார், பால் கெட்டுப்போச்சுன்னு எழுதப்போகுது."

"மைனஸ் அஞ்சைத் தாண்டி கொஞ்ச நேரம் நின்னா எழுதிடும் சார்."

"ஆளை அனுப்புங்க."

"நாளைக்கு மத்தியானம்தான் வருவாங்க. நான் அவசரம்னு போட்டாச்சு. எல்லாருமே அவசரம்னுதான் சார் போடறாங்க."

"மைனஸ் ஏழு," என்றது ஃப்ரிட்ஜ். அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"சார்," என்றாள். குரல் தாழ்ந்திருந்தது. "அந்த சென்சார் ஒரு கிளிப்ல மாட்டியிருக்கும். நெம்பினா கழண்டு வந்துடும். ஒயரு நல்லா நீளமாவே இருக்கும்."

"கழட்டி எங்க வைக்கணும்?"

"நான் எங்கயும் வைக்கச் சொல்லல சார். ஒயரு நீளம்னு சொன்னேன், அவ்ளோதான். இந்த ஃபோன் கால் எப்படி இருந்துச்சுன்னு கேட்டு மெசேஜ் வரும். அதுல ஒயரைப் பத்தி எழுதிடாதீங்க."

இணைப்பு அறுந்தது.

வாசலில் யாரோ காலால் கதவை உதைத்தார்கள். சென்னியப்பன். நித்திலாவின் அண்ணன். பம்ப்செட் கடை வைத்திருக்கிறார். இந்த ஃப்ரிட்ஜை வாங்கி வந்து பொருத்தியவரும் அவர்தான். ஃப்ரீசரில் குளிர் குறைகிறது என்று அவருக்கு முதலிலேயே செய்தி அனுப்பியிருந்தேன்.

"மாப்ள, கதவத் தொறங்க. கை வெரச்சுப்போச்சு!"

சாக்கில் சுற்றிய ஐஸ் பாரைத் தோளில் சுமந்துகொண்டு நின்றார். சட்டை முழுவதும் நனைந்து மீன் வாடை அடித்தது.

"என்ன மச்சான் இது?"

"உக்கடத்துல மீன் மார்க்கெட்ல புடிச்சுட்டு வந்தேன். இத உள்ள தூக்கி வெச்சா சில்லுனு ஆயிருமுல்ல?"

"ஆகாது. இது பூஜ்யம் டிகிரி. உள்ள மைனஸ் ஏழு. இதை வெச்சா சூடுதான் ஏறும்."

"ஐஸ வெச்சா சூடு ஏறுமாக்கு?" சாக்கைச் சமையலறைத் தரையில் போட்டார். "இதையெல்லாம் கேக்க வேண்டாம்னுதான் எங்கப்பன் என்னைய காலேஜுக்கு அனுப்பாம உட்டாரு. சரி, இப்ப இத என்ன பண்றது? திரும்பக் கொண்டுபோனா மீன்காரன் சிரிப்பான்."

"நொறுக்குங்க. கல்லுப்பு கலந்தா மைனஸ் இருபதுகிட்டப் போகும்."

"குச்சி ஐஸ்காரன் பண்றானே, அதுங்களா?"

"அதேதான்."

அவர் அம்மிக் குழவியை எடுத்துச் சாக்கோடு சேர்த்து அடித்தார். நான் இருந்த கல்லுப்பு முழுவதையும் கொட்டினேன். இரண்டு சட்டிகளிலும் ஒரு எவர்சில்வர் டம்ளரிலும் நிரப்பினோம். டம்ளரின் வெளிப்பக்கம் உடனே வெள்ளையாகப் பூத்தது.

"சட்டி பாலுக்கு. டம்ளரு யாருக்குங்க மாப்ள?"

"சென்சாருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். நான் விளக்கினேன். பிளாஸ்டிக் கையை விடுவிக்கக் கதவைத் திறந்து வைத்துத்தான் சுரண்ட வேண்டும். சமையலறைச் சூட்டில் சென்சார் உடனே வரம்பைத் தாண்டிவிடும். அது டம்ளருக்குள் இருந்தால் தாண்டாது.

"அப்படின்னா அது எழுதறது பொய்யில்லீங்களா?"

"பால் கல்லு மாதிரி இருக்கு மச்சான். இப்பத்தான் தொட்டுப் பாத்தேன். ஹீட்டர் பக்கத்துல உக்காந்துக்கிட்டு இப்ப அது எழுதறதுதான் பொய்."

"மைனஸ் ஆறு," என்றது ஃப்ரிட்ஜ்.

"தொறங்க," என்றார் சென்னியப்பன்.

திறந்தேன். கிளிப்பை நெம்பி, சென்சாரைக் கழற்றி டம்ளருக்குள் ஆழமாகச் செருகினேன். அவர் சட்டிகளை உள்ளே வைத்துப் பைகளின் மேல் கம்பளியைப் போர்த்தினார். மரக்கரண்டியால் தட்டைச் சுரண்டினேன். ஐஸ் வரவில்லை. வெந்நீரில் துணியை நனைத்து ஒற்றினேன். மறுபடி சுரண்டினேன். விரல் நுனிகளில் உணர்ச்சி போனது. சட்டென்று ஐஸ் உடைந்தது. பிளாஸ்டிக் கை முழுதாகச் சுற்றி வந்து நின்றது. தட்டுக்கடியில் இருந்த இரைச்சல் அடங்கியது.

ஹீட்டர் அணைந்துவிட்டது.

தட்டு முழுக்கச் சொரசொரப்பாக வெள்ளைக் காரை பிடித்திருந்தது. ஐஸ் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் அதுதான். எங்கள் வீட்டில் இரண்டு குழாய்கள். ஒன்று நல்ல தண்ணீர். மற்றது போர் தண்ணீர், வாயில் வைக்க முடியாத உப்பு.

"இதுக்கு நல்ல தண்ணியிலதானே கனெக்‌ஷன் குடுத்தீங்க?"

சென்னியப்பன் டம்ளரை அலுங்காமல் உள்ளே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"நல்ல தண்ணி என்ன தெனமுமா வருது?" என்றார் பிறகு. "புள்ள மாசமா இருக்கறப்ப எந்நேரமும் ஐஸ் கடிச்சுக்கிட்டே இருந்தா. தொட்டி தீந்துட்டா ஐஸு நின்னு போகுதுன்னு அழுதா மாப்ள, ஐஸுக்கு. போர் லைன்ல மாத்திக் குடுத்துட்டேன். உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னு அவதான் சொன்னா, நீங்க திட்டுவீங்கன்னு."

திட்டியிருப்பேன்தான்.

"மைனஸ் பதினேழு," என்றது ஃப்ரிட்ஜ்.

"பாத்தீங்களா, தப்பிச்சோம்," என்றார் அவர். சிரிக்கப் பார்த்தார். பிறகு கேட்டார். "எல்லாப் பையையும் தொட்டுப் பாத்தீங்களா மாப்ள?"

"முன்வரிசையை."

"பொறத்தால இருக்கறது?"

"மறுபடி திறந்தா மறுபடி சூடு ஏறும்."

"அதுவும் சரிதான்," என்றார். இருவரும் ஃப்ரிட்ஜைப் பார்த்துக்கொண்டு நின்றோம். யாரும் கைப்பிடியைத் தொடவில்லை.

அன்று மாலை முன்வரிசைப் பைகளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"நித்திலா அட்டெண்டர்!" என்று கூப்பிட்டார் சிஸ்டர் ஜான்சி. வார்டில் எனக்கு அதுதான் பெயர். குளிர்பெட்டியை மேஜையில் பதித்த திரையின்மீது வைத்தார். பச்சை.

"மத்தியானத்துக்கு அப்புறம் ஸ்கேல் வெச்சுப் போட்ட மாதிரி இருக்கே கோடு. நல்ல ஃப்ரிட்ஜா வாங்கியிருக்கீங்க."

தலையாட்டினேன். கண்ணாடி வழியாகக் குழந்தையைப் பார்த்தேன். மூக்கில் குழாய். மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கையில் 'பேபி ஆஃப் நித்திலா' என்று எழுதிய பட்டை.

மறுநாள் கம்பெனி ஆள் வந்தான். ஹீட்டர் அணைந்திருந்தது, பதிவு பச்சையாக இருந்தது. கதவைத் திறக்காமலே "எல்லாம் ஓகே சார்" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். நான் டம்ளரை எடுக்கவில்லை. சென்சாரை இடம் மாற்றும் நேரத்தில் கோடு எகிறிவிட்டால் என்ன செய்வது என்று பயம். டம்ளர் அப்படியே இருந்தது. கோடும் அப்படியே இருந்தது.

புதன்கிழமை குழந்தைக்கு வயிறு உப்பிவிட்டது. பாலை நிறுத்தி மருந்து ஏற்றினார்கள். இந்த மாதிரிக் குழந்தைகளுக்குக் காரணமில்லாமலும் வரும் என்றார் டாக்டர். வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என்ன நினைத்தேன் என்று கேட்டால் எதுவும் நினைக்கவில்லை. மறுநாள் வயிறு வடிந்தது. வெள்ளிக்கிழமையிலிருந்து மறுபடி பால் கொடுக்கலாம் என்றார்கள்.

சனிக்கிழமை மாலை நான் போனபோது மேஜைக்கு முன்னால் சத்தமாக இருந்தது. எங்கள் பக்கத்துப் பெட்டிக் குழந்தையின் அப்பா. வால்பாறைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்பவர். அருள்தாஸ் என்று பெயர். மனைவி ஸ்டெல்லாவுக்கு வயிற்றுத் தையல் இன்னும் ஆறவில்லை. மலையிலிருந்து பஸ் பிடித்து இவர்தான் பாலைக் கொண்டுவருவார்.

"ரெண்டு நாளா இதையேதான் சொல்றீங்க சிஸ்டர். போன வாரமெல்லாம் வாங்கினீங்களே? அதே ஃப்ரிட்ஜ், அதே பொட்டி!"

"நான் என்ன பண்ணட்டும் அருள்தாஸ்? சிவப்பு காட்டுது. கோடு நெளியுது."

"எஸ்டேட் லைன் வீட்டுல கரண்டு வந்து வந்து போவுமுங்க. நெளியாம எப்படி இருக்கும்? எம் புள்ளைக்குப் பவுடர் பாலை ஏத்துறீங்க. அது ஆவாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சிஸ்டர் என்னைப் பார்த்தார். ஒரு சாட்சி கிடைத்த மாதிரி. "இவங்களைக் கேளுங்க. இவங்களும்தான் கொண்டுவராங்க." பிறகு என்னிடம் தணிந்து சொன்னார். "வியாழக்கிழமையிலிருந்து புது அளவு. மாவட்டத்துலயே சுத்தமான கோடு எதுன்னு கம்ப்யூட்டரே தேடி எடுத்துக்குமாம். அதை வெச்சு மத்த எல்லாத்தையும் அளக்குது. முன்னாடி கதவு தொறந்தா வர்ற நெளிவைக் கண்டுக்காது. இப்ப அதுகூடத் தப்பு."

"எத்தனை பேருக்கு சிவப்பு?"

"இந்த வார்டுல பாதிப் பேருக்கு. உங்களுக்கு வராது, கவலைப்படாதீங்க."

அளவுக்காக எடுத்துக்கொண்ட அந்தக் கோடு திரையின் ஓரத்தில் இருந்தது. தொடக்கத்தில் ஒரு படிக்கட்டு. மைனஸ் ஒன்பது, எட்டு, ஏழு, ஆறு. அங்கிருந்து செங்குத்தாக மைனஸ் பதினேழு. அதற்குப் பிறகு ஒரு வாரம் அசைவே இல்லை.

குளிர்பெட்டி என் கையில் கனத்தது. இப்படியே கொடுத்துவிட்டுப் போகலாம். குழந்தை ஒன்றே முக்கால் கிலோ. இன்னும் கொஞ்ச நாள்தான். அருள்தாஸ் தன் பெட்டியின் மூடியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், அந்தக் கோடு எங்க வீட்டுது," என்றேன்.

"அப்படியா? பாத்தீங்களா, நான் அன்னைக்கே..."

"அது ஃப்ரீசரோட குளிர் இல்ல. சென்சாரை உப்பு ஐஸ் டம்ளருக்குள்ள வெச்சிருக்கேன். அந்த டம்ளரோட குளிர்."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அருள்தாஸுக்கு முதலில் புரிந்தது.

"என்னங்க சொல்றீங்க? அப்ப உங்களாலதான் எம் பாலு சிவப்பாச்சா?"

"ஆமா."

"ரெண்டு நாளா அத்தனை பாலையும் எங்கண்ணு முன்னால கீழ ஊத்துனாங்க. நீங்க இங்கதான உக்காந்திருந்தீங்க?"

என் பெட்டியை மேஜைமேல் வைத்தேன்.

சிஸ்டர் கையைத் தூக்கி அவரை நிறுத்தினார். "முகில்வண்ணன்," என்றார். என் பெயர் அவருக்குத் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "இத நான் உள்ள பதிஞ்சா உங்க வீட்டுல இருக்கிற பை அத்தனையும் சிவப்பாயிடும். திரும்பப் பச்சை ஆக்க முடியாது. பாப்பாவுக்கு அவங்க அம்மா பாலு இனி வேற கெடைக்காது."

"தெரியும்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"பதிங்க சிஸ்டர்."

பதிந்தார். திரை ஒருமுறை இருண்டு வந்தது. படிக்கட்டுக் கோடு காணாமல் போயிருந்தது. அருள்தாஸின் பெட்டி பச்சையானது. என்னுடையது சிவப்பு.

சிஸ்டர் என் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார். கொட்டுவதற்கு முன் பைகளை ஒவ்வொன்றாக எடுத்து ட்யூப்லைட் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஏன் பார்த்தார் என்று தெரியவில்லை. முதல் பை தட்டையாக, பலகைபோல இருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். அதன் அடி உப்பியிருந்தது. மேல்பாதியில் ஒன்றுமில்லை.

"இது உருகி, அப்படியே கீழ எறங்கி மறுபடி ஒறைஞ்சிருக்கு. எங்க இருந்துச்சு?"

"பின்வரிசை. ஐஸ் தட்டுக்குக் கிட்ட."

"அந்த வரிசைலேர்ந்து முன்னாடி எதாவது கொண்டுவந்தீங்களா?"

"செவ்வாய்க்கிழமை."

அவர் குழந்தையின் அட்டையைத் திருப்பினார். புதன்கிழமையில் அவர் விரல் நின்றது. பிறகு அட்டையை மெதுவாக மூடினார்.

"நான்கூடப் பையைப் பாக்கல," என்றார். "பச்சையத்தான் பாத்தேன்."

பைகளை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனார். முதலில் உப்பிய பை. அதன் பிறகு தட்டையாக இருந்தவையும். விதி அதுதான். வெந்நீரில் உருக்கி ஒவ்வொன்றாக ஊற்றினார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வாயில் ஏதோ உப்புக் கரித்தது. அதை என் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டேன்.

"எட்டு மணிக்கு இவங்க பாப்பாவுக்குப் பால் குடுக்கணும்," என்றார் சிஸ்டர், யாரிடமும் இல்லாமல். "வங்கியில கேட்டுப் பாக்கறேன். இன்னைக்குக் கெடைக்காது."

அருள்தாஸ் சுவரைப் பார்த்து நின்றிருந்தார்.

"ஸ்டெல்லாவுக்கு எல்லா டெஸ்டும் இங்கதானே எடுத்தீங்க?" என்று கேட்டார்.

"எடுத்தது இருக்கு."

"இன்னொரு புள்ளைக்குக் குடுக்கலாமா?"

"டாக்டர் கையெழுத்துப் போட்டா குடுக்கலாம். போடுவார்."

அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"உங்ககூடப் பேசறதுக்கு எனக்கு ஒண்ணுமில்லீங்க," என்றார். "புள்ள என்ன பண்ணுச்சு."

தன் பெட்டியை மேஜைமேல் என் பக்கமாகத் தள்ளினார். அதன் மூடியில் இருந்த சின்னத் திரையில், மலை இறங்கி வந்த அன்றைய நாளின் கோடு மேலும் கீழுமாக நெளிந்துகொண்டிருந்தது.